நாகலக்ஷ்மி ஆம்ப் வாங்குகிறார்

கடைக்காரர் பிளக்கைச் செருகக் குனியும்போதே நாகலக்ஷ்மி கையை நீட்டித் தடுத்துவிட்டார். சத்தம் பிறகு, முதலில் எடை. ஆம்ப் என்கிற அந்த ஒலிபெருக்கிப் பெட்டியின் தலையில் இருந்த கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினார். கடை வாசலில் இருந்த இரண்டு படிகளில் இறங்கினார், ஏறினார், மறுபடி இறங்கினார். "தீதி, இது ஆம்ப், அரிசி மூட்டை இல்லை" என்று கடைக்காரர் அக்கா முறை வைத்து வங்காள மொழியில் சொல்லிப் பார்த்தார். நாகலக்ஷ்மிக்கு மூச்சு வாங்கியதே தவிர நிற்கவில்லை. லேக் கார்டன்ஸில் அவர் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது, ஐம்பத்துநான்கு படிகள். கடையிலோ இரண்டே படிகள். ஆகவே இருபத்தேழு தடவை. கணக்கு சரியாக முடிந்த பிறகுதான் ஆம்ப்பைக் கீழே வைத்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்போ போடுங்கோ" என்று தமிழிலேயே சொன்னார். கடைக்காரருக்கும் புரிந்துவிட்டது.

வங்காளத் தலைநகரில், வெலிங்டன் பக்கத்து இசைக்கருவிக் கடை ஒன்றில் நடந்தது இது. நான் கூடப் போயிருந்தேன். ஏன் போனேன் என்றால், அவருடைய பேஸ் கிட்டாருக்கு நேர் கீழே குடியிருப்பவன் நான்தான். அந்தக் கட்டடத்தில் எனக்கு இரண்டாவது மாடி. நான்கு தடித்த கம்பிகள் கொண்ட அந்த வாத்தியத்தில் அவர் மிகத் தாழ்ந்த கம்பியைத் தொட்டால் என் அலமாரியில் கண்ணாடி டம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். ஒருநாள் புகார் சொல்ல மாடி ஏறினேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். தன் சின்ன ஆம்ப்பைத் தரையிலிருந்து எடுத்து மோடா என்கிற பிரம்பு முக்காலியின் மேல் வைத்து வாசித்தார். பிறகு என்னைக் கீழே அனுப்பி, டம்ளர் அசைகிறதா என்று பார்க்கச் சொன்னார். மோடாவை ஜன்னல் பக்கம் நகர்த்திவிட்டு மறுபடி அனுப்பினார். அன்று மாலை ஆறு தடவை ஏறி இறங்கினேன். டம்ளர்கள் அடங்கின. அன்றிலிருந்து நான் அவருடைய அதிகாரபூர்வமான காது.

நாகலக்ஷ்மிக்கு ஐம்பத்திரண்டு வயது. கார்டன் ரீச்சில் ரயில்வே அலுவலகத்தில் சூப்பரின்டென்டென்ட். பருத்திப் புடவை, காலில் ஓட்டக்காரர்கள் போடும் ஷூ, வலது கை ஆள்காட்டி விரல் நுனியில் காய்ப்பு. அந்தக் காய்ப்பை அலுவலகத்தில் யாராவது கேட்டால், "ஃபைல் புரட்டிப் புரட்டி வந்தது" என்பார். மகன் ஆதர்ஷ் பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது கிட்டாரைக் கட்டிலுக்கு அடியில் விட்டுப் போனான். ஆறு வருஷம் முன்னால் பெருக்கும்போது துடைப்பத்தில் தட்டுப்பட்டது. அவன் அதற்குப் பிறகு அதைக் கேட்கவில்லை, இவரும் கொடுக்கிற உத்தேசத்தில் இல்லை. கணவர் மஹாதேவனுக்கு இதில் ஆட்சேபணை உண்டா என்று ஒரு தடவை கேட்டேன். "அவருக்குக் காது கொஞ்சம் மந்தம் அண்ணா. ரொம்ப நல்ல மனுஷர்" என்றார்.

எத்தனையோ வாத்தியம் இருக்க இது ஏன் பிடித்தது? அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். "சின்ன வயசுல பதினோரு வருஷம் பாட்டு கிளாஸ் போனேன். என் குரலைக் கேட்டுட்டு டீச்சர் தம்பூராவைக் கையில குடுத்துட்டா. அப்புறம் திருப்பி வாங்கிக்கவே இல்லை. எல்லாரும் பாடினா, நான் சுதி. வருத்தமா சொல்றேன்னு நெனச்சுக்காதீங்கோ. எனக்கு அந்த எடம் பிடிச்சுது. மேல யார் வேணா ஆடட்டும், கீழ ஒருத்தர் நிக்கணுமோல்லியோ?"

கீழே நிற்பவரைத்தான் போன மாதம் அசைத்துப் பார்த்தார்கள். அவர் வாசிக்கும் குழுவில் நான்கு பேர். கிட்டாரும் தலைமையும் விக்ரம். செக்டர் ஃபைவில் மென்பொருள் வேலை, கோயம்புத்தூர்ப் பையன், இருபத்தெட்டு வயது, பொல்லாதவன் இல்லை. தீபக் கீபோர்டு. டிரம்ஸுக்கு ஒரு வங்காளி இளைஞர், பலமாக அடிப்பார். பெஹாலாவில் ஒரு கிளப் நிகழ்ச்சியில் இவர்கள் ஒன்றரை மணி நேரம் வாசித்தார்கள். நாகலக்ஷ்மியின் சின்ன ஆம்ப், வீட்டில் பழகுவதற்கென்று வாங்கியது, டிரம்ஸுக்கு முன்னால் வாய் திறக்கவே இல்லை. திறந்திருக்கும், யாருக்கும் கேட்கவில்லை. அவருக்கே கேட்கவில்லையாம்.

முடிந்ததும் விக்ரம் தயங்கித் தயங்கி வந்தான். "ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. பேஸ் பார்ட்டை தீபக் கீபோர்டுல இடது கையாலயே வாசிச்சிடுவான். பாலிகஞ்ச் புரோகிராமுக்கு நீங்க டாம்பரின் எடுத்துக்கறீங்களா? ஜாலியா இருக்கும்."

டாம்பரின் என்பது கையில் தட்டுகிற சலங்கை வளையம். ஆறு வருஷப் பழக்கத்துக்கு ஒரு சலங்கை வளையம். நாகலக்ஷ்மி கோபித்துக்கொள்ளவில்லை. "இந்த ஒரு புரோகிராம் பாரு விக்ரம். அன்னிக்கும் என் சத்தம் கேக்கலைன்னா நீ குடுக்கறதை வாங்கித் தட்டறேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். பாலிகஞ்ச் நிகழ்ச்சிக்கு நான்கு வாரம் இருந்தது. அது ஒரு காபிக் கடை. அங்கிருந்த ஸ்பீக்கர்கள் பாடுகிறவர் குரலுக்கே சரியாக இருக்கும், பேஸுக்குச் சொந்த ஆம்ப் வேண்டும். கையில் இருந்தது இருபதாயிரம். வாங்கியதில் பழக ஒரு வாரம் போனால், தேட மூன்று சனிக்கிழமைகள்.

முதல் சனிக்கிழமை இருபத்தேழு தடவை படியேறிய ஆம்ப், புத்தம் புதியது, நாற்பது வாட். செருகி வாசித்ததும் கடை முழுக்கத் தேன் ஊற்றியது போல இருந்தது. வாங்கிவிடலாம் என்று நான் பையைப் பிடித்தேன். அவர் அசைந்து கொடுக்கவில்லை. "கடையில தனியா வாசிச்சா எல்லா ஆம்ப்பும் மஹாராஜாதான் அண்ணா. டிரம்ஸ் வந்தாத்தான் யார் யாருன்னு தெரியும்" என்றார். பிறகு கடைக்காரரிடம் போய், ஷோவுக்கு வைத்திருந்த டிரம்ஸில் உட்காரச் சொன்னார். அந்த மனிதர் வாழ்நாளில் டிரம்ஸ் விற்றிருக்கிறாரே தவிர வாசித்ததில்லை. பூட்டிய கதவைத் தட்டுகிற மாதிரி தட்டினார். "தாதா, ஏக்டு ஜோரே" என்று, அவரை அண்ணனாக்கி, இன்னும் பலமாகத் தட்டச் சொன்னார் நாகலக்ஷ்மி.

என்னை எங்கே நிறுத்தினார் என்று சொல்ல வேண்டும். தெருவுக்கு எதிர்ப்பக்கம், கொய்யாப்பழ வண்டிக்குப் பக்கத்தில். பேஸ் சத்தம் பக்கத்தில் இருப்பவனை ஏமாற்றிவிடும், தள்ளி நிற்பவனிடம்தான் உண்மையைச் சொல்லும் என்பது அவர் கட்சி. கேட்டால் குடையைத் தூக்க வேண்டும், கேட்காவிட்டால் சும்மா நிற்க வேண்டும். பஸ் போனது, டாக்சி போனது, கதவைத் தட்டும் சத்தம் வந்தது. பேஸ் வரவில்லை. சும்மா நின்றேன். எதிரே நாகலக்ஷ்மி கம்பியிலிருந்து கையை எடுத்து, ஆம்ப்பின் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

இரண்டாவது சனிக்கிழமை பார்த்தது பழைய ஆம்ப். பதினைந்து அங்குல ஸ்பீக்கர், ஒரு சின்ன ஃபிரிட்ஜ் அளவு. விலையும் மலிவு. அதைத் தலையில் கட்டிவிடத் துடித்துக்கொண்டிருந்த கடைக்காரர், எடை பார்ப்பதற்கு முன்பே பிளக்கைச் செருகிவிட்டார். எதிர்ச்சாரியில் நான் குடையைத் தூக்குவதற்கு முன்பே கொய்யாக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். நாகலக்ஷ்மியின் முகம் மலர்ந்துபோயிற்று. பிறகு அதைத் தூக்கினார், இல்லை, தூக்க முயன்றார். கடைக்காரரும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து நான்கு படி வரை தாக்குப்பிடித்தோம். "இதை வாங்கினா உங்களையும் சேர்த்து வாங்கணும் அண்ணா" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு எனக்குக் கொய்யாப்பழம் வாங்கிக் கொடுத்தார். திரும்பி பஸ் ஏறினோம். லேக் கார்டன்ஸ் வந்ததும், "டாம்பரின் வாசிக்கறது கஷ்டமோ?" என்று மட்டும் கேட்டார்.

மூன்றாவது சனிக்கிழமை கிடைத்ததைப் பார்த்தால் யாரும் வாங்க மாட்டார்கள். யாரோ ஒரு கல்லூரி மாணவர் விற்றுவிட்டுப் போனதாம். முன்பக்கத் துணி ஒரு மூலையில் கிழிந்திருந்தது, மேலே யாரோ காபிக் கோப்பையை வைத்த வட்டம். ஆனால் நூறு வாட், பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர், பின்னால் ஹெட்ஃபோன் செருகும் துளை. இருபத்தேழு தடவை படி முடிந்தது. முகம் சிவந்திருந்ததே தவிர, வார்த்தை தடுமாறவில்லை. கடைக்காரர் சொல்லாமலே டிரம்ஸில் போய் உட்கார்ந்தார். மூன்று வாரத்தில் அவரும் கொஞ்சம் தேறியிருந்தார்.

நான் கொய்யா வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். முதலில் காதில் வரவில்லை, செருப்புக்கு அடியில் வந்தது. அப்புறம்தான் காதில். உருண்டையாக, தெளிவாக, ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக, அந்தக் கதவு தட்டலுக்குக் கீழே நடந்துபோயிற்று. பழம் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். நான் குடையைத் தூக்கியதோடு விரித்தும்விட்டேன். பதினெட்டாயிரத்துக்கு முடிந்தது.

ஐம்பத்துநான்கு படிகளையும் அவரே ஏற்றினார். என்னைத் தொடவிடவில்லை. மறுநாளிலிருந்து எங்களுக்குத் தொல்லை வேண்டாமென்று ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பழக ஆரம்பித்தார். மேல் மாடி நிசப்தம், ஒரு ஸ்வரம்கூடக் கீழே வரவில்லை. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்கு அது பிடிக்கவில்லை. நான்காம் நாள் மாடி ஏறிக் கதவைத் தட்டி, ஒரு பாட்டாவது வெளியே வாசிக்கும்படி கேட்டுக்கொண்டேன். அவர் சிரித்த சிரிப்பில் மஹாதேவனே திரும்பிப் பார்த்தார்.

பாலிகஞ்ச் காபிக் கடையில் ஞாயிற்றுக்கிழமை மாலை முப்பது பேர் இருந்திருப்பார்கள். ஆம்ப்பை ஒரு மர நாற்காலியின் மேல் ஏற்றி வைத்தார். எனக்கு அதன் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. சத்தத் திருகில் ஒரு வெள்ளைக் கோடு உண்டு, கடிகாரத்தில் மூன்று மணி காட்டும் முள்ளைப் போல அது நின்றது. விக்ரம் மேடையின் ஓரத்தில் ஒரு டாம்பரினைத் தயாராக வைத்திருந்தான். நாகலக்ஷ்மி அதைப் பார்த்தார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

முதல் பாட்டிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. டிரம்ஸ் வழக்கம்போல் இடித்தது, ஆனால் அதன் கீழே இந்தத் தடவை தரை இருந்தது. முன் வரிசையில் ஒரு பெண் தன்னையறியாமல் பேஸின் நடைக்குக் காலை ஆட்டினாள். இரண்டாவது பாட்டில் தீபக் இடது கையை மடியில் வைத்துக்கொண்டுவிட்டான். மூன்றாவது பாட்டு முடிந்து கைதட்டல் ஓய்வதற்குள் விக்ரம் நாகலக்ஷ்மியின் பக்கம் திரும்பினான். உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து மெல்ல அமுக்கிக் காட்டினான். கொஞ்சம் குறையுங்கள் என்று அர்த்தம்.

ஆறு வருஷத்தில் எந்த மேடையிலும் அவரிடம் அப்படி யாரும் கேட்டதில்லை.

நாகலக்ஷ்மி மிகவும் பணிவாகத் தலையசைத்தார். ஆம்ப்பின் பக்கம் குனிந்து திருகின் மேல் கையை வைத்தார். பக்கத்தில் இருந்த எனக்கு நன்றாகத் தெரிந்தது, வெள்ளைக் கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. புடவைத் தலைப்பால் திருகின் மேல் இருந்த தூசியை அக்கறையாகத் துடைத்துவிட்டு நிமிர்ந்தார். விக்ரம் இரண்டு ஸ்வரம் வாசித்துப் பார்க்கச் சொன்னான். வாசித்தார். இப்போது சரியாக இருக்கிறது என்று அவன் கட்டைவிரலை உயர்த்தினான்.