ஒற்றைத் தீப்பெட்டி

ஓட்டுப் போடப் போன பள்ளிக்கூடத்தில், மேசையில் இருந்த அதிகாரி, கையெழுத்தா கைநாட்டா என்று மலையாளம் கலந்து கேட்டார்: "அம்மே, ஒப்பு போடத் தெரியுமா, விரல் வச்சா மதியா?"

"பேனாவக் குடுங்க" என்றேன். என் பேரை எழுதி முடிக்கும் வரை பின்னால் வரிசை நின்றது. நிற்கட்டும்.

வெளியே வரும்போது சுவரில் ஒரு காகிதம் கண்ணில் பட்டது. யார் வீட்டுக்கு எந்தத் தண்ணீர் என்று பிள்ளைகள் கட்டம் கட்டமாக வண்ணம் அடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக உயர்த்தியிருந்தார்கள். அறுபது வருஷத்துக் கோபம் திரும்பி வந்தது.

நான் அப்போது இரண்டாம் வகுப்பு. மேற்கே மலையாளத்துப் பக்கமிருந்து வந்த டீச்சர், ஆளுக்கொரு காலித் தீப்பெட்டி கொண்டுவரச் சொன்னார். சுவரில் கரியால் மூன்று இடம் பிரித்தார்: சொந்தக் கிணறு, ரோட்டுக் கிணறு, ஓடை ஊற்று. அவரவர் வீட்டுத் தண்ணீர் எதுவோ அங்கே பெட்டியை மைதாப் பசையில் ஒட்ட வேண்டும். மழை பொய்த்த வருஷம் அது. ஓடை ஊற்றுக்கு ஒட்டிய பெட்டிகள் டீச்சர் தலைக்கு மேலே போயின. சொந்தக் கிணற்றுக்கு என் பெட்டி ஒன்றே ஒன்று.

சொந்தத் தோட்டம் உள்ள பண்ணை வீட்டுப் பிள்ளை அங்கே நான் ஒருத்திதான். எதிலும் குறைந்து பழக்கமில்லை. பக்கத்தில் உட்காருகிறவள் வேறு சீண்டினாள்: "ஏனுங்க அம்மிணி, உங்க பொட்டிக்குத் தொணையே இல்லீங்களா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. டீச்சர் சிரித்துக்கொண்டு, "வெள்ளம் எடுக்குற எடம் மாறினா பெட்டியும் மாறும், மோளே" என்றார். அவர் பேச்சில் வெள்ளமென்றால் தண்ணீர்.

அது போதும் எனக்கு. எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னேன்: "நாளைலருந்து எங்கூட்டுக் கெணத்துல சேந்துங்க. திங்கக்கெழம பொட்டியெல்லாம் எம்பக்கம் வந்துரோணும்."

"உங்கய்யன் வைவாருங்க" என்றாள் அவள்.

"எங்கெணறுடி அது."

அவள் வீடும் மற்றப் பிள்ளைகள் வீடும் வாய்க்காலுக்கு அந்தப்பக்கம். அந்தச் சனம் எங்கள் கிணற்றுக் கயிற்றைத் தொடக்கூடாது. தூரத்தில் குடத்தை வைத்துவிட்டு நின்றால், எங்கள் ஆத்தா மனசு வந்தபோது ஊற்றும். தினமும் பார்த்ததுதான். அது சட்டமென்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஞாயிறு காலை பிள்ளைகள் குடத்தோடு வந்தார்கள். முதலில் கயிற்றைப் பிடித்தவள் அவள்தான். ஐயன் களத்திலிருந்து வந்தார். சத்தமே போடவில்லை.

"ஆரு கண்ணு இவங்களக் கூப்ட்டது?"

"நாந்தானுங்கய்யா" என்றேன், பெருமையாக.

நிறைந்திருந்த அவள் மண்குடத்தைக் காலால் எத்தினார். பிள்ளைகள் ஓடினார்கள். அதோடு விட்டாரா? கிணறு தீட்டாகிவிட்டதென்று ஆயில் எஞ்சினை வைத்து அன்று முழுக்க இறைத்துக் கொட்டினார். குடிக்க ஊற்றுத் தோண்டுகிற வருஷத்தில், அத்தனை தண்ணீரும் தென்னந்தோப்பில் ஓடிச் சுவறியது. மறுநாள் பள்ளிக்கூடம் போய்ப் பெட்டிகளைப் பிய்த்தெறிந்தார். டீச்சருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. "பொட்டப் புள்ளைக்குப் படிச்சது போதும்" என்று என்னையும் நிறுத்தினார். அன்று நின்ற எழுத்தைத்தான் இந்த வயசில் கூட்டிக்கூட்டி எழுதுகிறேன். அவர் செத்து எத்தனையோ வருஷமாயிற்று. அவருக்குப் படையல் போடும்போதும் என் கை மனசோடு போடுவதில்லை.

ஆனால் கோபம் அவர் மேல் மட்டும் இல்லை, என் மேலும்தான். அன்று எஞ்சின் ஓடியபோது வேலிக்கு அந்தப்பக்கம் அவள் நின்றிருந்தாள். கையில் குடமில்லை. நான் ஓடிப்போய்க் கத்தினேன்:

"உன்னாலதான்டி எம்பொட்டி ஒண்ணாவே நின்னுபோச்சு!"

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. தென்னைக்கு ஓடுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திமிரு என்று நினைத்தேன்.