செல்வியின் கண்ணோரம்

எங்கள் மலையில் புளி உலுக்கும் நாட்களில் சேராங்கொட்டையும் பொறுக்குவோம். அதன் பால் பட்டால் தோல் வெந்துபோகும். அதனால் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு எடுப்போம், பிறகு நன்றாகக் கழுவுவோம். அன்று நான் முந்தானையில் துடைத்ததோடு சரி. காய்ப்புப் பிடித்த கைக்கு ஒன்றும் தெரியவில்லை.

புளி உடைத்துக்கொண்டிருந்த மருமகள் செல்வி, "கண்ல தூசி வுழுந்துடுச்சி, பாருங்க அத்தே" என்றாள். இமையைப் பிரித்து ஊதிவிட்டேன்.

மறுநாள் அவள் கண்ணைச் சுற்றி வீங்கிக் கொப்புளித்துவிட்டது. கண்ணைத் திறக்கவே முடியவில்லை. பூச்சி கடித்திருக்கும் என்றார்கள். எனக்குக் காரணம் தெரியும். சொல்ல வாய் வரவில்லை.

ஜீப்பில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனோம். "இன்னா பட்டுதுன்னு தெரிஞ்சாத்தான் சரியா மருந்து குடுக்க முடியும்" என்றார் நர்ஸம்மா.

"பூச்சிதாங்க" என்றாள் செல்வி.

நான் தரையைப் பார்த்துக்கொண்டே, "இல்லீங்க, சேராங்கொட்டைப் பாலு. என் கையிலேர்ந்து பட்டுது" என்றேன்.

பார்வைக்கு ஆபத்தில்லை என்றார்கள். கண்ணோரத் தோல் வெங்காயச் சருகு போன்றது, மோதிர விரலால் அழுத்தாமல் தொட்டு மருந்து வையுங்கள் என்று நர்ஸம்மா காட்டினார். திரும்பும்போது ஜீப்பில் செல்வி என்னை விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.

சாயங்காலம் மருந்தை நீட்டி, "நீயே வச்சிக்கிறியா?" என்று கேட்டேன்.

"கண்ணே தொறக்கல, நான் எப்புடி வைக்கிறது? கை கழுவினீங்களா?"

"மூணு தரம்."

முகத்தை என் பக்கம் நீட்டினாள். மோதிர விரலால் தொட்டு மருந்து வைத்தேன். என் கைக்கு உறைக்காதது யாருக்கும் உறைக்காது என்றே இத்தனை வயது வரை இருந்துவிட்டேன்.