கரிச்சட்டியும் சுண்ணாம்பும்

அத்தை பஸ்ஸை ரிவர்ஸ் எடுத்தால் பூமியே கொஞ்ச நேரம் பின்னால் சுற்றும். சந்தேகமிருந்தால் டிப்போவில் கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்கு மட்டும் பூமி மக்கர் பண்ணிவிட்டது. பின்னால் நின்று வழி காட்டிய மெக்கானிக் தொண்டை கிழியக் கத்தினார்; டிப்போவில் அவருக்குப் பட்டப்பெயர் ஸ்பேனர்.

“ஏய் கரிச்சட்டி! கண்ணு தெரியல? நிறுத்து!”

தூணுக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது. அத்தை தலையை வெளியே நீட்டி, “தெரியுதுடா சுண்ணாம்பு, வாயை மூடு!” என்றாள். இருவரும் சிரித்தார்கள். ஆண்டுக்கணக்காக ஒரே பெஞ்சில் சாப்பிடுகிறவர்கள். அவர் வெளுப்பு, இவள் கறுப்பு. அவ்வளவுதான் விஷயம்.

யாரோ ஒரு புண்ணியவான் அதைப் படம் பிடித்தான். பிடித்தவன் முழுசாகப் போட்டானா? தூணையும் வெட்டினான், சுண்ணாம்பையும் வெட்டினான். ‘கரிச்சட்டி’ மட்டும் ஊர் சுற்றியது. மறுநாளே ஸ்பேனரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். டிவியில் விவாதத்துக்கு அத்தையைக் கூப்பிட்டார்கள். “அங்க நீ சொல்றதை வெச்சுத்தான் அவன் வேலையை முடிவு பண்ணுவோம்” என்று டிப்போ மேனேஜர் கையைக் கழுவிக்கொண்டார்.

டிவிக்காரர்களிடம் மேக்கப் பவுடர் ஒரே நிறத்தில்தான் இருந்தது. வெள்ளை. “இதுதாங்க்கா இருக்கு, லைட்டுல தெரியாது” என்று அந்தப் பெண் அத்தை முகத்தில் அப்பினாள். இனவெறியைப் பற்றிப் பேசப் போகிறவளுக்கு! நெறியாளர் குனிந்து, “நடுவுல கொஞ்சம் கண்ணு கலங்கினா நல்லாருக்கும்மா” என்றார்.

கையில் இரண்டு அட்டைகளைத் திணித்தார்கள். ஒன்றில் ‘ஆம்’, ஒன்றில் ‘இல்லை’. ஸ்பேனர் இனவெறியரா என்பதுதான் கேள்வி.

தாடிக்காரர் ஒருவர், “அந்த வெள்ளைத்தோல் ஆளுங்க ரத்தத்துலயே அது ஊறிப்போச்சு” என்று மேசையைத் தட்டினார். கோட்டுக்காரர் ஒருவர், “நம்ம ஊர்ல இனவெறி எங்கங்க இருக்கு? எல்லாம் சும்மா தமாஷு” என்று பல்லைக் காட்டினார். இரண்டு பேரும் அத்தை பக்கம் திரும்பக்கூட இல்லை. சாக்கடைக்கு இந்தக் கரை, அந்தக் கரை. நாற்றம் ஒன்றுதான்.

“அவன் கத்தலன்னா வண்டி தூண்ல மோதியிருக்கும். நானும் அவனைச் சுண்ணாம்புன்னேனே, அதை எவன் வெட்டினான்?” என்றாள் அத்தை.

“நேரமில்லம்மா. ஆமாவா, இல்லையா?”

“ஆமான்னா அவன் வேலை போயிடும். இல்லைன்னா இந்தக் கோட்டு ஜெயிச்சிடும். இதே வார்த்தையைச் சொல்லித்தான் ஒரு அதிகாரி எனக்கு ஆறு மாசம் வண்டி குடுக்கல. அது தமாஷா? ரெண்டையும் எந்த அட்டையில எழுதுறது?”

சொல்லிவிட்டு ‘ஆம்’ அட்டையின் விளிம்பால் கன்னத்துப் பவுடரைச் சுரண்டினாள். சட்டென்று விளம்பரம் போட்டுவிட்டார்கள்.

எந்த அட்டையும் கிடைக்காத மேனேஜர் முழி பிதுங்கிப்போய் முழு வீடியோவைத் தேடிப் பார்த்தார். ஸ்பேனர் வேலைக்குத் திரும்பினார். ஸ்பேனர் சொக்கத் தங்கம். அவர் வாயிலிருந்து வந்தால் அந்த வார்த்தை அத்தைக்கு ஒருநாளும் வலித்ததில்லை.

இதுவரை நான் எழுதியதை அத்தை என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள். காதைப் பிடித்துத் திருகினாள்.

“வலிக்கலன்னு யாருடா உனக்குச் சொன்னா?”

“நீங்கதானே அத்தை சிரிச்சீங்க...”

“மொத நாள் அவன் அப்படிக் கூப்பிட்டப்போ கடைசி சீட்டுல உக்காந்து அழுதேன். அப்புறம்தான் சுண்ணாம்புன்னு திருப்பிக் குடுத்தேன். அவன் மூஞ்சி செத்துப்போச்சு. அதுக்கப்புறம் வந்ததுதான் சிரிப்பு. நீயும் ஒரு அட்டையைத் தூக்கிட்டு வந்துட்ட.”

பேனாவை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

“பூமி பின்னால சுத்துற பொய் இருந்துட்டுப் போகட்டும். இந்தப் பொய்யை மட்டும் அடி.”