சுத்தம் செய்த ராணி

ராஜா அண்ணாமலைபுரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் பின்புறம், துணி துவைக்கிற கல்லுக்கு அடியில்தான் அந்த எறும்பு இருந்தது. வெளிர் மஞ்சள், கண் கிடையாது, ரவையில் பாதி அளவு. மண்ணை வெள்ளைத்தாளில் கொட்டி, எந்தத் துகள் நகர்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தால்தான் அகப்படும். பிடித்ததை பிலிம் டப்பாவில் ஸ்பிரிட் ஊற்றிப் போட்டு வைப்பேன். எம்.ஃபில். ஆய்வேட்டுக்கு நான் எடுத்துக்கொண்டது தென்சென்னை வீடுகளின் மண்ணுக்கடியில் வாழும் எறும்புகள். மற்ற எல்லாவற்றுக்கும் பெயர் கிடைத்துவிட்டது. இது ஒன்றுதான் அடம்பிடித்தது.

"இத்துனூண்டு வேலைக்கார எறும்பை மட்டும் வெச்சு எதையும் உறுதியா சொல்ல முடியாதும்மா. அதே கூட்டோட ராணி வேணும். இல்லேன்னா இந்த அத்தியாயத்தை எடுத்துடு" என்றார் என் பேராசிரியை. எடுத்துவிட்டால் மிஞ்சுவதெல்லாம் ஊரறிந்த எறும்புகள். அதற்கு ஓர் ஆய்வேடு எதற்கு?

ஞாயிறுதோறும் பழைய தோசைத்திருப்பியால் தோண்டினேன். "ராணியம்மா தரிசனம் கொடுத்தாச்சா?" என்று கணவர் ஜன்னல் வழியாகக் கேட்பார். எரிச்சலாக வரும்.

ஜனவரியில் வீட்டுக்காரர், மழைத்தண்ணீர் தேங்குகிறதென்று பின்புறம் முழுக்க சிமென்ட் போட ஆள் அனுப்பினார். இரண்டு நாள் பொறுக்கச் சொல்லிக் கெஞ்சியும் கேட்கவில்லை. நான் கடைசியாக ஒருமுறை மண்ணைக் கிளறுவதைக் கொத்தனார் நின்று பார்த்தார்.

"இன்னாம்மா, மோதிரம் எதுனா தொலைச்சிட்டியா?"

"எறும்பு தேடறேன்."

"எறும்பா? எங்க வூட்டாண்ட வா, எக்கச்சக்கமா கீது."

மத்தியானத்துக்குள் மண் மறைந்தது. நான் அழவில்லை. அன்று சமைக்கவும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து நூலகத்தில் ஒரு பழைய தொகுதியைப் புரட்டும்போது, இதே போன்ற கண்ணில்லாத மஞ்சள் எறும்பைப் பற்றி ஒரு பத்தி கண்ணில் பட்டது. ராணி, வேலைக்காரர்களைவிடப் பல மடங்கு பெரியது. மழைக்குப் பின் கூட்டை விட்டுப் பறக்கும்போது, அதன் கால் முடிகளைக் கவ்விக்கொண்டு சில வேலைக்கார எறும்புகளும் கூடவே போகும்.

அக்டோபரில் முதல் மழை விட்ட சாயங்காலம், பின்வாசல் படியில் ஒரு பெரிய பழுப்பு நிற ராணி எறும்பைப் பிடித்திருந்தேன். அந்த அளவைப் பார்த்து, வேறேதோ இனம் என்று ஒதுக்கிவிட்டேன். கால்களில் மண் ஒட்டியிருந்தது. பெட்டியில் ஊசி குத்தி வைக்குமுன் கால்களைத் துடைப்பது என் வழக்கம். என் பூச்சிப்பெட்டியின் சுத்தத்துக்குக் கல்லூரியில் நல்ல பெயர் உண்டு. பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொரு காலாகத் துடைத்து, அந்த 'மண்ணை' வாஷ்பேசினில் ஊற்றியது நன்றாக நினைவிருந்தது.

வீட்டுக்கு ஓடிவந்து பெட்டியைத் திறந்து, கல்லூரியிலிருந்து இரவல் வாங்கியிருந்த மைக்ராஸ்கோப்பில் ராணியை வைத்தேன். ஐந்து கால்கள் பளிச்சென்று இருந்தன. பிரஷ் எட்டாத பின்னங்கால் மடிப்பில், ஒரு முடியைக் கவ்வியபடி மஞ்சளாக ஒரு தலை. தலை மட்டும்தான். கண் இல்லை. உணர்கொம்பின் கணுக்களை எண்ணி, டப்பாவில் இருந்ததோடு மூன்று முறை ஒப்பிட்டேன். எந்த வித்தியாசமும் இல்லை. சந்தோஷத்தில் சத்தம் போட்டுக் கூப்பிட்டேன்.

கணவரும் வந்து குனிந்து பார்த்தார். "உடம்பு எங்கே?"

"நான்தான் துடைச்சுட்டேன்."

அன்று அவர் கேலி செய்யவில்லை.

பேராசிரியை ஒப்புக்கொண்டார், அத்தியாயம் தப்பியது. ஆய்வேட்டில் அந்தத் தலையின் படத்துக்குக் கீழே, 'உடற்பகுதி கிடைக்கவில்லை' என்று எழுதினேன். துடைத்தது யார் என்று எழுதவில்லை.