கன்னத்தில் ஏழு தையல், சாலையில் பதினோரு மரம்

அஞ்சலை அம்மாவின் கன்னம் திறந்திருந்தது, என் வாயும்தான். கரும்பு வெட்டும்போது பக்கத்து வரிசைக்காரியின் கத்தி முனை பட்டு ஒன்றரை அங்குலக் கிழிசல். கல்வராயன் மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் டாக்டராகச் சேர்ந்து மூன்றாவது வாரம். காயத்தைக் கழுவும்போது அவர் அசையவில்லை.

தட்டில் தைக்கிற நூல் இரண்டு வகைதான்: கேட்கட் என்கிற குடல்நூல், தடிமனான சில்க். சில்க்கே போடலாம், முடிச்சு நிற்கும் என்றார் சிஸ்டர்.

"எங்க தெருவுல ஒருத்தருக்கு இப்புடித்தான் தச்சாங்க சார். தழும்பு பூரான் கணக்கா நிக்குது. இப்ப அவரு பேரே பூரான். எனுக்கு அந்தப் பேரு வேணாங்க" என்றார் அஞ்சலை.

பீரோவைக் கவிழ்க்காத குறையாகத் தேடி ஒரே ஒரு 5-0 நைலான் பாக்கெட்டைப் பிடித்தேன். புதிதாக வருபவர்களுக்குச் சொல்கிறேன்: பூஜ்யத்துக்கு முன்னால் எண் ஏற ஏற நூல் மெலியும். முகத்துக்கு மெல்லிய நைலான் நல்லது. சில்க்கும் குடல்நூலும் தோலை அதிகம் உறுத்தும். விளிம்பை ஒட்டி ஏழு தையல் போட்டேன். ஆனால் நல்ல நூலைப் போட்டுவிட்டோம் என்று இருந்துவிடக் கூடாது. முகத்தில் ஐந்தாம் நாள் பிரித்தாக வேண்டும். விட்டால் ஊசித் துளைகளே தழும்பாகிப் பூரானுக்குக் கால் முளைத்துவிடும். தலைக்கு ஒரு வாரம், காலுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள்.

டி.டி. ஊசி போட்டு, இரண்டு நாள் நனைக்க வேண்டாம், மஞ்சள், காபித்தூள் எதுவும் வைக்க வேண்டாம், அஞ்சாம் நாள் காலையில் வாங்க என்று மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் தலையாட்டினார்.

நான்காம் நாள் இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலை நெடுக மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். பஸ் நின்றுபோனது. எனக்குக் கண்ணை மூடினால் பூரான்.

ஐந்தாம் நாள் விடிந்ததும், எங்களிடம் இருந்த ஒரே கூர்முனைக் கத்தரியைக் கொதிக்க வைத்து டப்பாவில் போட்டுக்கொண்டு, சிஸ்டரிடம்கூடச் சொல்லாமல் சைக்கிளில் அஞ்சலையின் ஊரான வடக்கனந்தலுக்குக் கிளம்பினேன். வழியில் பதினோரு மரம். ஒன்பதில் நான் சைக்கிளைத் தூக்கினேன். ஒன்றில் அது என்னைத் தூக்கிப் போட்டது, கிளையில் நெற்றி சிராய்த்தது. மிச்சமிருந்த ஒன்றின்மேல் போராட்டக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். "இன்னா சார் அவசரம்?" என்றார் ஒருவர். ஒரு அம்மாவுக்குக் கன்னத்தில் தையல் பிரிக்கணும் என்றேன். இரண்டு பேர் சைக்கிளை அந்தப் பக்கம் வைத்தார்கள். இன்னும் இரண்டு பேர் என்னை.

அஞ்சலையின் வீடு பூட்டிக் கிடந்தது. "அது ஆஸ்பத்திரிக்குப் போச்சே, இருட்டோட கெளம்பிச்சி" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். திரும்பவும் பதினோரு மரம்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் அஞ்சலை உட்கார்ந்திருந்தார். கன்னம் காய்ந்து சுத்தமாக இருந்தது. அவர் பார்த்தது என் நெற்றியை.

"மஞ்சா கிஞ்சா வெச்சிடாதீங்க சார்" என்றார்.

சிஸ்டர் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

ரோடு மறிச்சிருக்கே, எப்படி வந்தீங்க என்று கேட்டேன்.

"நாங்க எப்பவும் ஏரிக்கர வழிதாங்க. கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே."

ஏழையும் பிரித்தேன். ஒற்றைக் கோடு மட்டும், காலில்லாமல். சிஸ்டரின் கைக்கண்ணாடியில் கன்னத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பேரு வெக்க முடியாது" என்று எழுந்தார்.

அன்றிலிருந்து தையல் பிரிக்கும் நாளைச் சீட்டில் எழுதும்போது, எந்த வழியாக வருவீர்கள் என்றும் கேட்டு எழுதிக்கொள்கிறேன்.