பூக்காத வேம்பு

சித்திரைப் புத்தாண்டுப் பச்சடிக்கு வேப்பம்பூ வேண்டும். கடல் தாண்டி இங்கே கிள்ளானில் என் வீட்டு வாசலில் வேப்பமரம் கூரைக்கு மேல் வளர்ந்து நிற்கிறது. ஒரு பூ இல்லை. இதன் தாய்மரம் வடக்கே அலோர் ஸ்டாரில், அக்கா வீட்டில், வருடம் தவறாமல் பூக்கிறது. இதற்கு மட்டும் என்ன கேடு? உரம் போட்டேன், திட்டியும் பார்த்தேன்.

மதுரையிலிருந்து அத்தை மகள் போனில் சிரித்தாள். "ஏண்டி, தண்ணி ஊத்துறியா? காய விடு. வெயில்ல வாடினாத்தான் பூக்கும்."

"நான் எங்க ஊத்துறேன் லா? தினம் சாயங்காலம் மழைதான் ஊத்துது. அக்கா ஊர் மாதிரி இங்க மழையில்லாத மாசமே கிடையாது. அதை எப்படி நிறுத்துறது?"

போனை வைத்தேன். பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவுக்குப் போய்த் தமிழ்நாட்டு வேப்பம்பூப் பாக்கெட் வாங்கி வந்தேன். வாசலில் இறங்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. பாக்கெட் நனையாமலிருக்க அந்த மரத்தடியில்தான் ஒதுங்கினேன். அண்ணாந்து பார்த்தால் இலை இலையாகப் பச்சை. ஒரு குறையும் இல்லாததுதான் இதற்குக் குறையா?