செமன் மீனும் அப்பாவின் ஊரும்

ஒவ்வொரு தீபாவளி முடிந்ததும் அப்பா ஊருக்குப் போய்விடப் போவதாக அறிவிப்பார். ஊர் என்றால் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். தாத்தா பிறந்த இடம். அப்பா அதைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. அவர் பிறந்தது இலங்கையில், கேகாலையில், எங்கள் ரப்பர் தோட்டத்தின் கீழ் லயத்துத் தொழிலாளர் வரிசை வீட்டில். ஆனாலும் யார் கேட்டாலும் ஊர் புதுக்கோட்டைதான். தோட்டத்தில் பாதிப்பேர் அப்படித்தான் சொல்வார்கள்.

அம்மா அந்த அறிவிப்பைக் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. ஆனால் அந்த வருஷம், முன்பே இந்தியா போயிருந்த சித்தப்பா ஆள் விட்டுக் கூப்பிட்டார். அப்பா பாஸ்போர்ட்டுக்குப் படமே பிடித்துவிட்டு வந்தார். நாங்கள் வராவிட்டால் தனியாகவாவது போவாராம். அம்மா முதல்முறையாகக் காது கொடுத்தாள்.

அப்போதுதான் எங்கள் பேட்டரி டிவியில் சிங்களத்தில் ஒரு மீன் படம் ஓடியது. பசிபிக் கடலில் தின்று கொழுத்து, பள்ளிக்கூடப் பிள்ளை அளவு பெருத்த சினூக் என்ற சால்மன், தான் பிறந்த ஆற்றின் மணத்தைப் பிடித்துக்கொண்டே வெள்ளத்தை எதிர்த்து ஏறுகிறது. முட்டையிட்டதும் செத்துப்போகிறது. கரடிகள் தின்ற மிச்சம் கரையோர மரங்களுக்கு உரம். அந்த ஆற்றங்கரை ஜனங்கள் வருஷத்தின் முதல் மீனை விருந்தாளியாக வரவேற்று, பகிர்ந்து தின்று, முள்ளை ஆற்றிலேயே விடுகிறார்கள். அப்போதுதான் மீன் மறுபடி வருமாம்.

அன்றைக்குச் சோற்றுக்குச் செமன் டின் குழம்பு. செமன் என்றால் சால்மன்தான், ஆனால் எங்கள் பக்கம் டின்னில் அடைத்து வரும் எந்த மீனுக்கும் அதே பேர். "இது அதுக்குச் சொந்தக்காரன்ப்பா" என்று அப்பாவின் தட்டைக் காட்டினேன். டின்னில் இருப்பது வேறு சின்ன மீன் என்று எனக்குத் தெரியும். வேடிக்கையைக் கெடுப்பானேன்?

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாத்தியா! ஒரு மீனுக்கே சொந்த ஊரு பாசம் இருக்கு. மனுசன் எனக்கு இருக்கக் கூடாதா?"

போச்சு, வழக்கை நானே அவர் பக்கம் தள்ளிவிட்டேன் என்று நினைத்தேன். அம்மா நிதானமாகக் குழம்பை ஊற்றினாள்.

"சரிங்க. அந்த மீனு பொறந்த தண்ணிய மோந்துதானே போகுது? நீங்களும் கண்ண மூடிக்கிட்டு சொல்லுங்க. உங்க ஊரு என்ன வாசன வீசும்?"

அப்பா வீறாப்பாகக் கண்ணை மூடினார்.

"மண்ணு வாசன."

"அது எங்கயும்தான் இருக்கு. சரியா சொல்லுங்க."

மூக்கை இழுத்தார். "ரப்பர் பாலு புளிச்ச வாசன... ரப்பர் சீட்டு காயப்போடுற பொக... எங்கம்மா துணி தொவைக்கிற ஓட..." அங்கே நின்றுவிட்டார்.

"அதுக்கு எதுக்குங்க பாஸ்போட்டு? வாசல்ல எறங்குனா போதுமே."

நான் சிரித்தே விட்டேன். அப்பா சிரிக்கவில்லை. கண்ணைத் திறந்து அம்மாவையே பார்த்தார்.

"அப்ப எங்கப்பன் சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்த ஊரு?"

"அது மாமாவோட ஊருங்க" என்றாள் அம்மா. "சோறு ஆறுது, சாப்புடுங்க."